கேலி எங்கே முடிந்தது, குற்றம் எங்கே தொடங்கியது: வடசென்னையிலிருந்து சில அனுபவங்கள்

திருவொற்றியூரிலிருந்து ஒரு பெண்:

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்து, மீனவர்களின் படகுகளும் வலைகளும் கருத்துப் போயின. அதே மாதக் கடைசியில் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து, மக்கள் நள்ளிரவில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டு வெளியேறினார்கள். அப்போது எங்கள் பகுதிப் பெண்கள் சிலர் கைப்பேசியில் பேசிப் பதிவிட்டோம், நானும் பேசினேன். என் காணொளி நாங்கள் எதிர்பார்த்ததைவிடப் பரவலாகப் பார்க்கப்பட்டது.

முதலில் வந்தவை கேலிப் பதிவுகள். என் பேச்சு வழக்கை நடித்துக் காட்டினார்கள், யாரிடமோ பணம் வாங்கிக்கொண்டு பேசுகிறேன் என்றார்கள், என் முகத்தை வெட்டி மீம் போட்டார்கள். வலித்தது, இன்றும் அவற்றை நினைத்தால் வலிக்கிறது. ஆனாலும் அவை காவல் நிலையத்துக்குப் போக வேண்டியவை என்று நான் கருதவில்லை. பொதுவெளியில் ஒரு கருத்தைச் சொன்னேன், அதை மறுக்கவும் கிண்டல் செய்யவும் பிறருக்கு உரிமை உண்டு. அந்த உரிமை இல்லாமல் போனால் நாளைக்கு ஆலைப் புகையைப் பற்றிப் பேச எனக்கும் உரிமை இருக்காது.

பிறகு நடந்தவை வேறு வகையானவை. ஒருவர் என் படத்தை வைத்துப் போலிக் கணக்கு தொடங்கி, அதில் என் கைப்பேசி எண்ணையும் போட்டு, இங்கே எழுதக் கூசும் வாசகங்களைச் சேர்த்தார். இரவெல்லாம் முன்பின் தெரியாத ஆண்கள் அழைத்தார்கள். "என்னைத் தொடர்புகொள்ளாதீர்கள்" என்று அந்தக் கணக்குக்குத் தெளிவாக எழுதியும், புதுப்புதுக் கணக்குகளிலிருந்து செய்திகள் வந்துகொண்டே இருந்தன. கடைசியாக என் மகள் எந்த வேனில் பள்ளிக்குப் போகிறாள், எந்த முனையில் இறங்குகிறாள் என்று எழுதி, வாயை மூடாவிட்டால் அவள் வீடு திரும்ப மாட்டாள் என்றும் எழுதியிருந்தார்கள். அந்த வரியைப் படித்தபோது எனக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை. எண்ணெயைப் பற்றியும் அமோனியாவைப் பற்றியும் அதில் ஒரு சொல்கூட இல்லை. நான் சொன்ன கருத்தை விட்டுவிட்டு, நான் வாழும் தெருவையும் என் குழந்தையையும் குறிவைத்திருந்தார்கள்.

காவல் நிலையத்தில் பணியில் இருந்தவர், "நம்பரை பிளாக் பண்ணிட்டு நிம்மதியா இருங்கம்மா" என்றார். என் கொழுந்தனாரும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு அமைதியாக இருக்கச் சொன்னார். நான் எதையும் அழிக்கவில்லை. எழுத்துமூலம் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கையில் வரும்வரை நிலையத்தை விட்டு நகரவில்லை. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் அதே விவரங்களைப் பதிந்தேன். பின்னர் வழக்குப் பதிவாகி, அந்தக் கணக்கை இயக்கியவர் யார் என்று கண்டறிந்தார்கள். எங்களுக்கு அறிமுகமானவர்தான். வழக்கு நடந்துகொண்டிருப்பதால் இதற்குமேல் எழுதவில்லை.

வியாசர்பாடியிலிருந்து ஒருவர்:

எங்கள் கால்பந்து அணியின் இளைஞர்களுக்குப் பயிற்சி தருகிறேன். ஓர் ஆட்டத்தில் எங்கள் கோல்கீப்பர் செய்த தவற்றைக் காணொளியாக்கிப் பாட்டோடு ஓடவிட்டார்கள். பையன்கள் புகார் கொடுக்கலாம் என்று கொதித்தார்கள். வேண்டாம் என்றேன், விளையாட்டில் இது உண்டு. ஆனால் அதன் கீழே பையனின் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தி ஒருவர் எழுதியபோது நானே அவனை அழைத்துக்கொண்டு நிலையத்துக்குப் போனேன். பட்டியல் சாதியினரைப் பிறர் பார்வையில் படும்படி சாதிப் பெயரால் இழிவுபடுத்துவதற்கு 1989 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. கேலிக்கும் இதற்கும் நடுவில் எங்களுக்கு எந்தக் குழப்பமும் இருக்கவில்லை.

ஜார்ஜ் டவுன் நீதிமன்றத்தில் வழக்காடும் ஒருவர்:

மேலே எழுதிய சகோதரியின் நிதானம் என்னைத் தொட்டது. அவர் தாமாகவே கண்டுகொண்ட எல்லையைத்தான் உச்ச நீதிமன்றமும் 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உறுதி செய்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு, எரிச்சலூட்டும் செய்தியை அனுப்பினாலே மூன்றாண்டு வரை சிறை என்று இருந்தது. ஒரு ஃபேஸ்புக் பதிவுக்காக 2012இல் மகாராஷ்டிரத்தின் பால்கரில் இரண்டு இளம்பெண்கள் கைதானதை அடுத்துத்தான் அந்த வழக்கே தொடரப்பட்டது. விவாதிப்பதையும் ஒரு கருத்துக்காக வாதாடுவதையும், அவை எவ்வளவு கசப்பாக இருந்தாலும், சட்டம் தடுக்கக் கூடாது என்று கூறி அந்தப் பிரிவை நீதிமன்றம் முழுவதுமாக நீக்கியது. இன்றும் "அவர் என்னைத் திட்டினார், 66ஏவில் வழக்குப் போடுங்கள்" என்று என்னிடம் வருகிறவர்கள் உண்டு. அப்படி ஒரு பிரிவு இப்போது இல்லை.

ஆனால் அந்தச் சகோதரிக்கு நேர்ந்த ஒவ்வொன்றுக்கும் பிரிவு உண்டு. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவு, விருப்பமில்லை என்று ஒரு பெண் தெளிவாகக் காட்டிய பிறகும் ஓர் ஆண் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வதைக் குற்றமாக்குகிறது; முதல் முறைக்கு மூன்றாண்டு வரை சிறை. உயிருக்கு ஆபத்து என்றோ, பெண்ணின் நடத்தை மீது களங்கம் சுமத்துவேன் என்றோ மிரட்டினால் 351ஆம் பிரிவின்படி ஏழாண்டு வரை போகலாம். மிரட்டியவர் தம்மை மறைத்துக்கொண்டிருந்தால் அதற்கு மேலும் இரண்டாண்டு வரை தண்டனை கூடும். முகம் தெரியாததால் தப்பித்துவிடலாம் என்று நினைக்கும் இளைஞர்களிடம் பெற்றோர் இதைச் சொல்ல வேண்டும். இங்கே பல வீடுகளில் பிள்ளைகள் செய்தது சம்மன் வந்த பிறகுதான் தெரியவருகிறது.

புகாரை வாங்க மறுத்தால் காவல்துறை மேலதிகாரிக்கு எழுத்துமூலம் அனுப்பலாம். சென்னையில் ஆணையர் அலுவலகம் வேப்பேரியில் இருக்கிறது. அங்கும் நடவடிக்கை இல்லையென்றால் குற்றவியல் நடுவரிடம் மனு கொடுக்கலாம். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லாத பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரை நியமிக்கும். இதை அறியாமல் நகையை அடகு வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சாட்சியத்தில்தான் வழக்குகள் தோற்கின்றன. ஸ்கிரீன்ஷாட்டில் கணக்கின் பெயரும் தேதியும் நேரமும் தெரிய வேண்டும்; பதிவின் இணைய முகவரியைத் தனியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கணக்கின் பெயரை அவர்கள் நொடியில் மாற்றிவிடுவார்கள். பாரதிய சாட்சிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவோடு ஒரு சான்றிதழும் கொடுக்க வேண்டும், கோப்பில் எதுவும் மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் ஹேஷ் மதிப்பை அதில் குறிப்பிட வேண்டும். எனவே செய்தி வந்த அந்தக் கைப்பேசியை விற்காதீர்கள், எக்ஸ்சேஞ்சில் கொடுக்காதீர்கள், பழுது பார்க்கக் கொடுக்கும்போது ரீசெட் செய்ய விடாதீர்கள். வழக்கு முடியும்வரை அதை அப்படியே பத்திரமாக வைத்திருங்கள்.