விம்பிள்டனுக்கு ராத்திரி முழிக்கணுமா? காலையில சுருக்கம் பாத்தா போதாதா?

பார்வதிபுரம் பாலம்:
சண்டை போடுறதுக்குன்னேதான் இந்தத் திரியைத் தொடங்குகேன், முன்கூட்டியே சொல்லிடுகேன். விம்பிள்டனோ யு.எஸ். ஓப்பனோ, நம்ம ஊருல இருந்துகிட்டு நேரலையில பாக்கது வேண்டாத வேலை. காலையில எந்திச்சு காப்பி குடிக்கும்போது பத்து நிமிசச் சுருக்கம் பாத்தா விசயம் முடிஞ்சு. லண்டன் கோடைக்காலத்துல நம்மள விட நாலரை மணி நேரம் பின்னால. சென்டர் கோர்ட்டுல மதியம் ஒண்ணரைக்கு ஆரம்பிச்சா நமக்கு சாயங்காலம் ஆறு. அது வரைக்கும் நல்லாத்தான் இருக்கு. முடியது எப்போ? அதை ஆடுறவனாலயே சொல்ல முடியாது. அங்க ராத்திரி 11 மணிக்கு மேல ஆடக்கூடாதுன்னு கட்டுப்பாடு உண்டு. நம்ம கணக்குல அது விடியக்காலம் மூணரை. காலையில வேலைக்குப் போறவன் அதுவரை முழிச்சிருந்து என்னத்தைப் பாக்கான்? துண்டால மூஞ்சி துடைக்கதையும், பந்தைத் தரையில தட்டிக்கிட்டு நிக்கதையும்தான்.

குளச்சல் கடற்கரை:
பத்து நிமிசத்துல பாக்கதுக்கு அது என்ன டிரெய்லராவே? 2008 இறுதி ஆட்டம் ஓர்மை இருக்கா ஒமக்கு? முதல் ரெண்டு செட்டும் நடாலுக்கு. இனி அவ்வளவுதான்னு நினைக்கும்போது மழை. ஃபெடரர் அடுத்த ரெண்டு செட்டையும் டைபிரேக்குல, அதாவது 6-6 ஆனா செட்டை முடிக்க ஆடுற ஆட்டத்துல, எடுத்தாரு. அஞ்சாவது செட்டுல மறுபடி மழை. சென்டர் கோர்ட்டுக்குக் கூரை வந்தது 2009லதான், அப்போ கிடையாது. அங்க ராத்திரி 9.16 மணிக்கு, பந்தே சரியா தெரியாத இருட்டுல, 9-7ன்னு முடிஞ்சு. இங்க மணி 1.46. கடைசி அரை மணி நேரம் இருட்டாகும் முன்னால முடியுமா, நாளைக்குத் தள்ளி வச்சிருவானா, அதுலயே பாதி உயிர் போச்சு. சுருக்கத்துல கடைசிப் பந்தைக் காட்டுவான். அந்த அரை மணி நேரத்தை எங்க காட்டுவான்?

பொறவு இன்னொண்ணு. எங்களுக்கு ஜூன் 1ல இருந்து ஜூலை 31 வரைக்கும் தடைக்காலம். விசைப்படகு எல்லாம் கரையில கட்டியாச்சு. விம்பிள்டன் அதுக்குள்ளதான் வருது. முழிச்சிருந்தா யாரு கேக்கா?

பார்வதிபுரம் பாலம்:
அப்போ சின்னமுட்டத்துக்காரன் என்ன செய்வான்? ஒரே மாவட்டம், ஆனா அவன் கிழக்குக் கடல் கணக்கு. தடை ஏப்ரல் 15ல தொடங்கி ஜூன் பாதியில முடிஞ்சிரும். அவன் பிரெஞ்ச் ஓப்பன் மட்டும் பாத்துட்டு கடலுக்குப் போயிரணுமா?

குளச்சல் கடற்கரை:
போட்டும். நடால் 14 தடவ கப்பு எடுத்த இடம், அது என்ன குறைவா?

தக்கலை டீச்சர்:
நான் நேரலைப் பக்கம். ஆனா கடற்கரை தம்பி சொல்ற காரணத்துக்காக இல்லை. அஞ்சு மணி நேரம் நடந்த காவியத்தைத்தான் எல்லாரும் எடுத்துப் பேசுறாங்க. நான் ஒரு மணி நேரம்கூட ஓடாத ஒண்ணைச் சொல்றேன். 2025 பெண்கள் இறுதி ஆட்டம். அந்த வருசம்தான் இறுதி ஆட்டங்களை அங்க ரெண்டு மணியில இருந்து நாலு மணிக்கு மாத்தினாங்க. முன்னே நமக்கு ஆறரை, இப்போ எட்டரை. வீட்டுல சீரியல் ஓடுற நேரம், மாமியார்கிட்ட ரிமோட் வாங்குறதுக்கு நான் பட்ட பாடு தனிக்கதை. ஷ்வியான்டெக் 6-0, 6-0. மொத்தம் 57 நிமிசம்!

பார்வதிபுரம் பாலம்:
டீச்சர், என் கட்சிக்கு நீங்களே சாட்சி சொல்றீங்க. ரெண்டு முட்டையைப் பாக்கதுக்கா அவ்வளவு பாடு?

தக்கலை டீச்சர்:
முழுசாக் கேளுங்க. தோத்த அனிசிமோவா மைக்கைப் பிடிச்சுக்கிட்டு அழுதது ஞாபகம் இருக்கா? தன் அம்மா அன்னைக்குக் காலையிலதான் விமானத்துல வந்து இறங்கினாங்கன்னு சொல்லிட்டு, மேல பேச முடியாம நின்னது அந்தப் பிள்ளை. அம்பது நிமிசமா ஒரு பாயிண்டுக்கு அது தவிக்கிறதைப் பாத்துட்டு இருந்தவங்களுக்குத்தான் அந்த அழுகை என்னன்னு தெரியும். மறுநாள் நான் பாத்த சுருக்கத்துல ஜெயிச்ச பொண்ணு அடிச்ச நல்ல அடிகள் வரிசையா வந்துச்சு. அடி எல்லாம் சரிதான். ஆட்டம் அதுல இல்லை.

அப்புறம், காலையில பாக்கிறேன்னு சொல்றீங்களே, முடிவு தெரியாம எப்படிப் பாப்பீங்க? கோப்பையைத் தூக்கி முத்தம் கொடுக்கிற படத்தை மேல போட்டு, கீழ ‘வென்றது யார்?’னு எழுதி வைக்கிற ஆளுங்க நடத்துற உலகம் இது.

வடசேரி பெரியவர்:
பிள்ளைகளே, ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன். ராமநாதன் கிருஷ்ணன் நம் நாகர்கோவிலில் 1937இல் பிறந்தவர். 1954இல் சிறுவர் விம்பிள்டன் பட்டம் வாங்கினார். 1960, 1961 இரண்டு வருடமும் விம்பிள்டன் அரையிறுதி. முதல் தடவை நீல் ஃபிரேசரிடமும் அடுத்த தடவை ராட் லேவரிடமும் தோற்றார். இரண்டு பேருமே அந்தந்த வருடம் பட்டம் வென்றவர்கள். அதில் ஒரு பந்தையாவது இந்த ஊரில் எவர் பார்த்தார்? டிவி என்ற பெட்டியே இங்கே கிடையாது. எங்கள் அப்பா பேப்பரில் வந்த நாலு வரியை நாலு தடவை வாசிப்பார். தோற்றது தெரிந்த பிறகுதான் வாசிப்பார். ரசித்துத்தான் வாசிப்பார். பிறகு தூர்தர்ஷன் வந்தது. எங்கள் வீட்டு ஆன்டெனா திருவனந்தபுரத்தைப் பார்த்துத்தான் நிற்கும். 1985இல் பதினேழு வயது பெக்கர் ஜெயித்ததைப் புள்ளி புள்ளியாக விழுகிற படத்தில் பார்த்தோம். இறுதி ஆட்டம் கிடைத்தாலே பெரிய காரியம். முதல் சுற்றில் இருந்து எல்லாக் கோர்ட்டையும் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. உங்களுக்கு எல்லாம் கிடைக்கிறது, அதனால் எதை விடுவது என்று தெரியவில்லை. பாலம் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

குளச்சல் கடற்கரை:
அண்ணாச்சி, ஒங்க அப்பா கிடைக்காததாலதான் பேப்பர் வாசிச்சாரு. கிடைச்சிருந்தா வாசிச்சிருப்பாரா? லேவர் சர்வீஸ் போட கிருஷ்ணன் நிக்கதை நேருக்கு நேரா காட்டுகேன்னு ஒருத்தன் சொல்லியிருந்தா, வடசேரியில ஒரு வீட்டுலயும் உறங்கியிருக்க மாட்டாவ.

வடசேரி பெரியவர்:
அது வேறே சங்கதி. நம்ம ஊர்க்காரர் ஆடினால் நானும் முழிப்பேன். இத்தாலிக்காரரும் ஸ்பெயின்காரரும் ஆடுவதற்கு என்னத்துக்கு?

தூத்தூர் பந்து:
இங்க ஒரு கால்பந்துக்காரனும் பேசலாமா? 2018 ஜூலை 15. ஒரே நாள், விம்பிள்டன் இறுதியும் உலகக் கோப்பை இறுதியும். டென்னிஸ் நமக்கு ஆறரைக்குத் தொடங்கிச்சு, மூணாவது செட்டு முடியதுக்குள்ள மாஸ்கோவுல பந்து உருண்டாச்சு. எங்க வீட்டுல அதுக்கு நடுவுல ஏழு மணிக்கு செபமாலை வேற. அம்மா செபம்னா டிவி வாயை மூடணும். செபம் முடிஞ்சு போட்டா ஜோகோவிச் ரெண்டு செட்டு எடுத்தாச்சு. எட்டரை அடிச்சதும் ரிமோட் எங்க அண்ணன் கையில. பிரான்சு 4-2. தொண்ணூறு நிமிசம், கூட ஒரு அஞ்சு நிமிசம், முடிஞ்சு. சோறு எப்போ திங்கணும், எப்போ உறங்கணும்னு தெரியும். வெளியூரு ஆட்டத்தைப் பாக்கணும்னா அந்த ஆட்டத்துக்கு ஒரு முடிவு நேரம் வேண்டாமா? டென்னிசுக்கு அது இல்ல. பாலம் சொல்லாம விட்ட காரணம் இதுதான்.

பார்வதிபுரம் பாலம்:
சொல்லாம விடல்லவே, முதல் பதிவுலயே சொல்லியாச்சு. ஆனாலும் நன்றி. விம்பிள்டன்காரனுக்கே இது புரிஞ்சுபோச்சு. 2010ல இஸ்னரும் மஹூவும் ஒரே ஆட்டத்தை மூணு நாள் ஆடுனாவ, 11 மணி 5 நிமிசம், கடைசி செட்டு 70-68. 2019ல கடைசி செட்டு 12-12 ஆனா டைபிரேக்னு விதி போட்டான். 2022ல இருந்து நாலு பெரிய போட்டியிலயும் 6-6லயே பத்து பாயிண்ட் டைபிரேக். டிவி பாக்கவன் பொறுமை இவ்வளவுதான்னு கண்டுதான் குறைச்சிருக்கான்.

குலசேகரம் ரப்பர்:
பாக்கவன் பொறுமைக்கு இல்ல, ஆடுறவன் காலுக்கு. தூத்தூர் சொன்ன அதே 2018ல ஆண்டர்சன் அரையிறுதியில இஸ்னரை ஜெயிக்க 6 மணி 36 நிமிசம் ஆச்சு, கடைசி செட்டு 26-24. அந்த ஆட்டம் இழுத்த இழுப்புல அடுத்த அரையிறுதி மறுநாளுக்குப் போச்சு. இறுதியில ஜோகோவிச்சோட ஆடும்போது ஆண்டர்சனுக்குக் கால் தூக்க முடியல்ல. செபமாலை முடியதுக்குள்ள ரெண்டு செட்டு போனது அதனாலதான். அடுத்த வருசம் விதி மாறிச்சு.

ராத்திரி முழிக்கதைப் பத்தியே பேசுகிய எல்லாரும். எங்களுக்கு முழிக்கது இல்ல, எந்திக்கதுதான். வெயில் ஏறுனா ரப்பர் பால் ஓட்டம் குறையும், அதனால இருட்டோட ஹெட்லைட்டைக் கெட்டிக்கிட்டு வெட்டத் தொடங்கிருவோம். யு.எஸ். ஓப்பன் நடக்க நியூயார்க்குல ராத்திரி ஆட்டம் ஏழு மணிக்கு. நமக்கு விடியக்காலம் நாலரை. எங்க மலையோரத்து ஆளுவளுக்குன்னே நேரம் குறிச்ச மாதிரி! போனைச் சட்டைப் பையில போட்டுட்டு, காதுல மாட்டிக்கிட்டு மரம் மரமாப் போவேன். படம் பாக்கது இல்ல. பந்து மட்டையில படுத சத்தம், கூட்டம் மூச்சு விடுத சத்தம், நடுவர் குரல். அது போதும். பாக்காமலே நேரலை இருக்கு. ஆனா முடிவு தெரிஞ்ச பொறவு எத்தனை பெரிய டிவியில பாத்தாலும் அது நேரலை இல்ல.

கோட்டாறு சிப்ஸ்:
ரெண்டு கட்சியும் டிவியை நம்பித்தான் சண்டை போடுறீங்க, எனக்குச் சிரிப்பா வருது. நான் சென்னையில வேலை பாத்தப்போ 2008ல நுங்கம்பாக்கத்துல சென்னை ஓப்பன்ல நடாலும் மோயாவும் ஆடின அரையிறுதியை நேர்ல பாத்தேன். மூணு செட்டு, மூணும் டைபிரேக், நாலு மணி நேரத்துக்கு ஆறு நிமிசம் கம்மி. டிவி கேமரா கோர்ட்டுக்குப் பின்னால உயரத்துல இருந்து பாக்குது. அதுல நடால் அடிக்கிற பந்து வலையை ஒட்டிப் போற மாதிரி தெரியும். நேர்ல பாத்தா அது வலைக்கு மேல எழும்பி, விழுந்து, எதிராளி தோள் உயரத்துக்குச் சாடுது. அந்த உயரம் டிவியில தட்டையாப் போயிரும். வேகமும் அப்படித்தான். மறுநாள் இறுதியில நடால் யூஷ்னிகிட்ட 6-0, 6-1. பேப்பர்ல பாத்தவன் ‘என்ன இப்படித் தோத்துட்டான்’னான். முந்தின ராத்திரி அங்க உக்காந்திருந்தவன் கேக்கலை. நேரலையும் சுருக்கமும் ரெண்டும் பாதிதான்.

குளச்சல் கடற்கரை:
அப்போ முழுசா பாக்க லண்டன் போகணும். விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் நான் படகை வித்திரவா? எல்லாத்தையும் நேருல போய்ப் பாக்க வசதி இருக்கவன் டிவியைக் குறை சொல்லலாம்.

கோட்டாறு சிப்ஸ்:
குறை சொல்லலை அண்ணே. பக்கத்துல எங்கயாவது நல்ல ஆட்டம் நடந்தா ஒரு தடவை போய் உக்காருங்க, அப்புறம் டிவியில பாத்தாலும் கண்ணு அந்த உயரத்தைத் தானா கூட்டிக்கும்ங்கிறேன்.

தக்கலை டீச்சர்:
இது நல்ல பேச்சு. எங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க டிவியில பாத்துட்டு, பந்தை நேராத் தள்ளுறதுதான் டென்னிஸ்னு நினைக்குதுங்க.

பார்வதிபுரம் பாலம்:
திரி எங்கயோ போகுது. என் கேள்விக்கு வாங்க. 2019 விம்பிள்டன் இறுதியை எடுத்துக்கிடுவோம், ஃபெடரரும் ஜோகோவிச்சும் ஆடுனது. 4 மணி 57 நிமிசம், விம்பிள்டன்லயே நீளமான இறுதி. அதே சாயங்காலம் லார்ட்சுல இங்கிலாந்து நியூசிலாந்து உலகக் கோப்பை கிரிக்கெட் இறுதி, சூப்பர் ஓவர் வரைக்கும். ரெண்டையும் மாத்தி மாத்தி வச்சுப் பாத்தவன் எதையும் முழுசாப் பாக்கல்ல. நான் நிம்மதியா உறங்கி, காலையில ரெண்டையும் இருபது நிமிசத்துல பாத்தேன். யாருக்கு லாபம்?

குலசேகரம் ரப்பர்:
ஒம்ம சுருக்கத்துல என்ன பாத்தேரு? 8-7, 40-15, ஃபெடரர் கையில சர்வீஸ், ஒரு பாயிண்டு எடுத்தா கப்பு, ரெண்டு பாயிண்டும் போச்சு, கடைசியில ஜோகோவிச்சுக்கு 13-12. இவ்வளவுதானே? மொத்தக் கணக்குல ஃபெடரர் 218 பாயிண்டு, ஜோகோவிச் 204. கூடுதல் பாயிண்டு எடுத்தவன் தோத்துட்டான். எப்படி? மூணு டைபிரேக்கும் ஜோகோவிச்சுக்கு. மத்த நேரமெல்லாம் ஃபெடரர் நல்லா ஆடுனாரு, மத்த ரெண்டு செட்டையும் 6-1, 6-4ன்னு எடுத்தாரு. நல்லா ஆடினவன் கையில இருந்து ஆட்டம் கொஞ்சம் கொஞ்சமா எப்படி நழுவிச்சுங்கது இருபது நிமிசத்துல தெரியாது. பெரிய பாயிண்டைத்தான் சுருக்கத்துல வைப்பான். அதுக்கு முன்னால 30-0ல சோம்பேறித்தனமா விட்ட பாயிண்டை எவன் வைப்பான்?

பார்வதிபுரம் பாலம்:
அந்த 218, 204 கணக்கை நீரும் மறுநாள் பேப்பர்லதானே பாத்தேரு? நேரலையில எண்ணிக்கிட்டா இருந்தேரு?

வடசேரி பெரியவர்:
இது நல்ல கேள்வி.

குலசேகரம் ரப்பர்:
எண்ணல்ல. ஆனா பேப்பர்ல அந்தக் கணக்கைக் கண்டப்போ ஆச்சரியமே இல்ல, முந்தின ராத்திரியே அப்படித்தான் தோணிச்சு. ஒமக்கு அது செய்தி.

சரி, நியூயார்க் ஆட்டம் இப்போ தொடங்கியாச்சு. நான் தோட்டத்துக்குப் போகேன். காத்துல மரம் விழுந்து ரெண்டு நாளா எங்க பக்கம் டவர் இல்ல, இன்னைக்குக் காதுலயும் கேக்க முடியாது. இந்தப் பதிவை வீட்டு வைஃபையில போட்டுட்டுப் போகேன். சிரட்டை எல்லாம் எடுத்து, பாலை ஒப்படைச்சுட்டு வந்துதான் மறுஒளிபரப்பு பாக்கணும். அதுவரைக்கும் எவனும் இங்க ஸ்கோர் போடாதிய.

பார்வதிபுரம் பாலம்:
நான் எதுக்குப் போடப்போறேன். முதல் செட்டு டைபிரேக்குக்குப் போகுதுன்னு மட்டும் சொல்லுகேன்.

குளச்சல் கடற்கரை:
லேய்! நீரு என்னவே இந்த நேரத்துல முழிச்சிருக்கேரு?

பார்வதிபுரம் பாலம்:
முழிக்கல்ல. போனுல அறிவிப்பு வந்துது, சத்தத்துல எந்திச்சேன்.

தக்கலை டீச்சர்:
டைபிரேக்ங்கிறதே ஸ்கோர்தானே தம்பி! திரியைப் பூட்டுங்க யாராவது, அவர் தோட்டத்துல இருந்து வர்றதுக்குள்ள.