தொண்டை கேன்சர்: ரத்த ரிப்போர்ட்ல என்.எல்.ஆர். 6 வருது, அப்பாவுக்கு ஆபத்தா?

தங்கச்சிமடம் பையன்:
வணக்கம். அப்பாவுக்கு 58 வயசு, மீன்பிடி போட்டுக்கு போறவரு, பீடி பழக்கம் உண்டு. குரல் கம்மிப்போயி மதுரைல பாத்ததுல குரல்வளை கேன்சர், மூணாவது ஸ்டேஜ்ண்டு சொல்லிட்டாங்க. கரண்டும் (கதிர்வீச்சு) கீமோவும் சேத்து ஆரம்பிக்கப் போறாங்க. ரிப்போர்ட்ல வெள்ளையணு வகைல நியூட்ரோஃபில் 78 சதவீதம், லிம்ஃபோசைட் 13 சதவீதம், ஹீமோகுளோபின் 9.8, ரத்தத்துல இருக்க புரதம் அல்புமின் 3.1. நியூட்ரோஃபில்ல லிம்ஃபோசைட்டால வகுத்தா வர்றதுதான் என்.எல்.ஆர்., அது கூடுனா ஆயுசு கம்மிண்டு நெட்ல போட்டிருக்கு, வகுத்தா 6 வருது. அதுலருந்து தூக்கம் இல்ல, அம்மாட்ட சொல்லவும் முடியல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பரமக்குடி லேப்:
தம்பி, நெட்ல இருக்கது பொய் இல்ல, ஆனா அது நூத்துக்கணக்கான பேர சேத்து வச்சு பாத்த கணக்கு, அந்த நம்பர் கூடுனவங்கள்ல நல்லா ஆனவங்களும் இருக்காங்க. எத்தனைக்கு மேல போனா கூடுதல்ங்கறதே ஆய்வுக்கு ஆய்வு மாறுது, ஒருத்தர் 3ங்கறார் இன்னொருத்தர் 5ங்கறார். சொத்தைப்பல்லுல சீழ் இருந்தாலோ, நெஞ்சுல சளி கட்டியிருந்தாலோ, ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தாலோ நியூட்ரோஃபில் தானா ஏறிரும். ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடி அப்பாவுக்கு என்னென்ன ஊசி மாத்திரை குடுத்தாங்க? கரண்டு ஆரம்பிச்சபிறகு லிம்ஃபோசைட் கண்டிப்பா இறங்கும், அப்ப இந்தக் கணக்க போட்டுப் பாத்துறாத, வீணா பயந்துருவ. வைத்தியத்த முடிவு பண்றது ஸ்டேஜும் உடம்பு தெம்பும்தான்.

மண்டபம் அக்கா:
எங்க மாமாவுக்கும் இதே இடத்துலதான் இருந்துச்சு, அதனால சொல்றேன், நீ அந்த 6ஐ விட்டுட்டு ஹீமோகுளோபினையும் அல்புமினையும் பிடி. கட்டிக்குள்ள ஆக்சிஜன் கம்மியா இருந்தா கரண்டு சரியா வேலை செய்யாது, ரத்தசோகை இருக்கவங்களுக்கு ரிசல்ட் கம்மியா வர்றது பழைய காலத்துலருந்தே தெரிஞ்ச விஷயம். ஆனா யாராச்சும் ரத்தம் ஊற ஊசி போடலாம்ண்டு சொன்னா கேன்சர் டாக்டர கேக்காம போடாத, 2003ல வந்த ஒரு ட்ரையல்ல எரித்ரோபொயட்டின் ஊசி போட்டவங்களுக்கு ஹீமோகுளோபின் ஏறுச்சு, கேன்சர் கட்டுப்படறது மட்டும் குறைஞ்சுபோச்சு. இரும்புச்சத்து மாத்திரையா, ரத்தம் ஏத்தணுமாங்கறத அவங்களே சொல்லட்டும்.
அல்புமின் இறங்குறதுக்கு கேன்சரோட அழற்சியும் காரணம், முழுங்க முடியாம சாப்பாடு குறையறதும் காரணம். கஞ்சியே குடுத்துட்டு இருக்காதீங்க, முட்டை, வேகவச்சு முள் எடுத்து மசிச்ச மீன், பருப்புத்தண்ணி, பால் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமா நாள்முழுக்க குடுங்க. எடை இறங்கிட்டே போனா மூக்குல டியூப் போடச் சொல்வாங்க, மாமா முதல்ல மாட்டேண்டாரு, போட்டபிறகுதான் முகத்துல களையே வந்துச்சு.

தங்கச்சிமடம் பையன்:
ரொம்ப நன்றிக்கா, அண்ணே. ஊசி எதுவும் போடல, ஆனா கடவாப்பல் ஆடுது, வீங்கித்தான் இருக்கு. பீடிய இப்பவும் ஒளிஞ்சு குடிக்கிறாரு.

பரமக்குடி லேப்:
அப்ப பல்ல உடனே காட்டு தம்பி, பிடுங்கணும்னா கரண்டுக்கு முன்னாடியே பிடுங்கி புண்ணு ஆறணும், பின்னாடி பிடுங்குனா தாடை எலும்பு ஆறாம கெட்டுப்போக வாய்ப்பிருக்கு. பீடிய இன்னைக்கே நிறுத்தச் சொல்லு, குடிச்சிட்டே கரண்டு வாங்குனா பலன் குறையும். ஆரம்பிச்சபிறகு ஒருநாள்கூட விடாதீங்க, ஆறு ஏழு வாரம் ஆகும், தெனமும் இங்கருந்து போய்வர ஏலாது, மதுரைலயே ரூம் பாத்துக்கங்க.