எந்த கிராஸ் இன்?

குழு: வேர் தேடல் – அத்தான் வீட்டுப் பக்கம்

சனிக்கிழமை

அக்கா, காலை 7:42
வேல்ஸ் 1881 சென்சஸ் பக்கம் கிடைச்சிடுச்சு. நாம தேடற ஜான் ஜோன்ஸ், வயசு 46, லைசென்ஸ்டு விக்சுவலர், அதாவது லைசென்ஸ் வாங்கின பப்காரர். லனெல்லி பக்கம் ரெட் லயன்னு ஒரு பப். பிறந்த ஊர்க் கட்டத்துல "கார்மார்தன்ஷர், கிராஸ் இன்"னு இருக்கு. இன்னா சத்திரம்தானே, ஊரைக் கேட்டா பப் பேரையா எழுதுவாங்க?

தம்பி, 7:50
மேப்ல தேடினேன்க்கா. கார்டிகன்ஷர்ல ரெண்டு கிராஸ் இன் இருக்கு. லான்ட்ரிசன்ட் பக்கம் இன்னொண்ணு. எது?

ஸ்வான்ஸீ சித்தி, 8:06
மூணும் இருக்காது. கார்மார்தன்ஷர்னு தெளிவா எழுதியிருக்கில்ல, முதல்ல ஆமன்ஃபோர்டைப் பாரு. 1880 வரைக்கும் அந்த ஊருக்குப் பேரே கிராஸ் இன்தான். ரோடு சந்திக்கிற இடத்துல ஒரு சத்திரம், அதைச் சுத்தி வீடுங்க, பின்னாடி சுரங்கமும் தகர ஆலையும் வந்து டவுன் ஆச்சு. பேரை மாத்தி ஒரே வருஷம்தான் ஆகியிருக்கு, அதனால அவர் பழைய பேரையே சொல்லியிருப்பார்.

ஸ்வான்ஸீ சித்தி, 8:09
வேல்ஸ்ல இது சகஜம். டம்பிள், கிராஸ் ஹேண்ட்ஸ், ஃபார்மர்ஸ், நெல்சன் எல்லாமே பப் பேர்லேர்ந்து வந்த ஊர்ப் பேருங்க. ட்ரெடிகர் பக்கத்துல டவர்னை பாக்னு ஒரு ஊர், அர்த்தமே "சின்ன சாராயக் கடைங்க". சென்சஸ்ல "இன்"னு முடியற இடம் வந்தா அது ஊரா வீடான்னு முடிவு பண்ணிட்டு அப்புறம் நகரு.

அக்கா, 8:15
அப்போ ஞானஸ்நானப் பதிவு எங்கே தேடணும்? 46 வயசுன்னா 1835 வாக்குல பிறந்திருக்கணும்.

ஸ்வான்ஸீ சித்தி, 8:21
அரசாங்கப் பிறப்புப் பதிவு தொடங்கினது 1837 ஜூலை 1. இவர் அதுக்கு முந்தி. அதனால சர்ச் பதிவேடுதான். ஆமன்ஃபோர்டுன்னு அப்போ தனிப் பேரிஷ் (சர்ச் வட்டாரம்) கிடையாது. ஆத்துக்கு இந்தப் பக்கம் லாண்டிபீ, அந்தப் பக்கம் பெட்டுஸ். ரெண்டையும் பாரு. ஃபைண்ட்மைபாஸ்ட்ங்கிற தளத்துல வேல்ஸ் பேரிஷ் பதிவேடுங்க இருக்கு. 1813லேர்ந்து அச்சடிச்ச படிவம், அப்பாவோட தொழிலுக்குத் தனிக் கட்டம் உண்டு. "விக்சுவலர்", "இன்கீப்பர்"னு இருக்கான்னு அந்தக் கட்டத்தை மட்டும் கண்ணை ஓட்டு. குடும்பம் சேப்பல் ஆளுங்களா, அதாவது அரசாங்கச் சர்ச்ல சேராத கிறிஸ்தவங்களா இருந்தா சர்ச்ல இருக்காது. சேப்பல்காரங்க 1837 வாக்குல அரசாங்கத்துக்கிட்ட ஒப்படைச்ச பதிவேடுங்க லண்டன் க்யூவுல உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துல ஆர்ஜி 4ங்கிற வரிசையில இருக்கு.

அக்கா, 10:34
லாண்டிபீல மட்டும் 1833லேர்ந்து 1837க்குள்ள மூணு ஜான் ஜோன்ஸ். மூணு அப்பா. தொழில் ஃபார்மர், லேபரர், இன்னொருத்தருக்கு எழுத்து அழிஞ்சிருக்கு.

லண்டன் மாமா, 10:48
மூணோட நின்னதே நல்லதும்மா. வேல்ஸ்ல குடும்பப் பேர்ங்கிறது ரொம்ப நாளைக்கு நம்ம இனிஷியல் மாதிரிதான் இருந்துச்சு. அப்பா பேரே பிள்ளைக்குப் பின்பேர். ஈவனோட மகன் ஜான்னா ஜான் ஈவன், அவன் மகன் டேவிட் ஜான். இங்கிலீஷ் வழக்கத்துக்கு மாறினப்போ எந்தத் தலைமுறையில நிறுத்தினாங்களோ அதுவே நிரந்தரமாச்சு. அதான் நாடு முழுக்க ஜோன்ஸ், டேவிஸ், வில்லியம்ஸ், ஈவன்ஸ். மகன்னு அர்த்தம் தர்ற "ஆப்"ங்கிற சொல் ஒட்டிக்கிட்டு வந்ததுதான் பிரைஸ், பவல், பியூ, பாரி எல்லாம். ஆப் ரீஸ் பிரைஸ் ஆச்சு, ஆப் ஹவல் பவல் ஆச்சு. கிராமப்புறத்துல 1800 தாண்டியும் சில குடும்பங்கள்ல அப்பா பேர் முறை ஓடிக்கிட்டிருந்துச்சு.

லண்டன் மாமா, 10:52
அதனால ஜோன்ஸை விட்டுட்டு பப்பைப் பிடி. கட்டடம் ஒரே இடத்துல நிக்கும், வருஷா வருஷம் யாராவது ஒருத்தர் பேர்ல லைசென்ஸ் இருந்தாகணும். ஒரு நோட்ல நாலு கட்டம் போடு: வருஷம், எந்த ஆவணம், நடத்தினவர், சொந்தக்காரர். வெறுமையா நிக்கிற வருஷத்தையும் விடாம எழுது.

அக்கா, 10:55
ஆரம்பிக்க எனக்குப் பப் பேரே தெரியாதே மாமா. லனெல்லி ரெட் லயன் அவர் பெரியவரானப்புறம் நடத்தினது.

ஸ்வான்ஸீ சித்தி, 11:02
அவரோட கல்யாணச் சான்றிதழ் வாங்கிட்டியா? 1837க்கு அப்புறம் நடந்த கல்யாணங்கள்ல பொதுவா ரெண்டு பேரோட அப்பா பேரும் தொழிலும் இருக்கும்.

அக்கா, 11:04
இருக்கு சித்தி. 1860. அப்பா ஈவன் ஜோன்ஸ், இன்கீப்பர்.

ஸ்வான்ஸீ சித்தி, 11:11
அப்போ வேலை பாதியாச்சு. ஒண்ணு மட்டும் மனசுல வை: அப்பா இறந்திருந்தாலும் பல பாதிரிமார் "இறந்துட்டார்"னு எழுதமாட்டாங்க. 1860ல ஈவன் உயிரோட இருந்தார்னு அதை வெச்சு முடிவு பண்ணாதே. இப்போ 1841 சென்சஸ்ல லாண்டிபீ, ஈவன் ஜோன்ஸ், 6 வயசு ஜான். அந்த சென்சஸ்ல 15க்கு மேல உள்ளவங்க வயசை அஞ்சஞ்சா கீழ இறக்கி எழுதச் சொல்லியிருந்தாங்க. 35ன்னு இருந்தா 35லேர்ந்து 39 வரைக்கும் எதுவா வேணா இருக்கலாம். சின்னப் பிள்ளைங்க வயசு சரியா இருக்கும். உறவுமுறை எழுதமாட்டாங்க, யார் யாருக்குப் பிள்ளைன்னு நாமதான் ஊகிக்கணும்.

அக்கா, பிற்பகல் 1:20
கிடைச்சது!! இடம்: கிராஸ் இன். ஈவன் ஜோன்ஸ் 35, பப்ளிக்கன் (பப் நடத்தறவர்). மார்கரெட் 35. ஜான் 6, ஆன் 3. கூட ஒரு வேலைக்காரப் பொண்ணு.
ஆனா 1851ல அதே இடத்துல டேவிட் ரீஸ், இன்கீப்பர்னு வருது. ஜோன்ஸ் குடும்பம் வித்துட்டுப் போயிட்டாங்க போல.

லண்டன் மாமா, 1:26
அவசரப்படாதே. டேவிட் ரீஸுக்குக் கீழ இருக்கிற எல்லா வரியையும் அப்படியே டைப் பண்ணி அனுப்பு.

அக்கா, 1:31
டேவிட் ரீஸ், ஹெட், 39, இன்கீப்பர்
மார்கரெட் ரீஸ், வைஃப், 47
ஜான் ஜோன்ஸ், சன் இன் லா, கல்யாணம் ஆகலை, 16
ஆன் ஜோன்ஸ், டாட்டர் இன் லா, 13
மாப்பிள்ளைன்னு போட்டுட்டு கல்யாணம் ஆகலைன்னா என்ன அர்த்தம்? 16 வயசுல?

ஸ்வான்ஸீ சித்தி, 1:33
கண்ணு அதான் உன் ஜான்! அந்தக் காலத்துல "சன் இன் லா"ன்னா மனைவிக்கு முந்தின கல்யாணத்துல பிறந்த பிள்ளைக்கும் எழுதுவாங்க. ஈவன் இறந்திருக்கார். மார்கரெட் டேவிட் ரீஸைக் கட்டியிருக்காங்க. பப்பு கை மாறவே இல்லை, பலகையில பேர்தான் மாறியிருக்கு.

ஸ்வான்ஸீ சித்தி, 1:35
வயசையும் ஒட்டிப் பாரு. 1851ல 47ன்னா 1841ல 37. அதைத்தான் 35ஆ இறக்கி எழுதியிருக்காங்க.

லண்டன் மாமா, 1:41
பப் குடும்பங்கள்ல இது திரும்பத் திரும்ப வரும். புருஷன் போனா லைசென்ஸ் விதவை பேருக்கு மாறும். அவங்க மறுமணம் பண்ணினா வழக்கமா புதுப் புருஷன் பேருக்குப் போகும். பல வீட்ல பப்பை நடத்தினதே பொம்பளைங்கதான், ஆம்பளை சுரங்கத்துக்கோ வயலுக்கோ போயிட்டு சாயங்காலம் வருவார். அதனாலயே சில சென்சஸ்ல அவர் தொழில் "ஃபார்மர்"னு மட்டும் இருக்கும், பப்பைப் பத்தி மூச்சே இருக்காது. குடும்பப் பேர் மாறினதும் "வேற ஆள்"னு தேடலை நிறுத்திடறாங்க பாரு, அங்கதான் நிறைய பேருக்கு நூல் அறுந்து போறது.

தம்பி, 1:50
லைசென்ஸ் ரிக்கார்டு எல்லாம் ஆன்லைன்ல இருக்கா?

லண்டன் மாமா, 2:08
பெரும்பாலும் நேர்ல போகணும்பா. எந்தக் காலத்துக்கு எதுன்னு சொல்றேன், இதுல குழம்பினா ஒரு நாள் வீணாகும்.
1753லேர்ந்து 1828 வரைக்கும் கவுண்டி (மாவட்டம்) நீதிமன்றத்துல, அதாவது குவார்ட்டர் செஷன்ஸ்ல, விக்சுவலர் பிணைப் பத்திரங்க இருக்கும். கடைக்காரர் பேர், பேரிஷ், ஜாமீன் நின்னவங்க பேர். பப் பேர் பல சமயம் இருக்காது. ஜாமீன்காரங்க பேரைக் கட்டாயம் எழுதிக்கோ, பக்கத்துப் பப்காரரோ மச்சானோதான் பாதி நேரம் நிப்பாங்க.
1830ல பீர்ஹவுஸ் சட்டம். வரி கட்டற எவரும் வருஷத்துக்கு 2 கினி (பழைய காசு) கட்டினா எக்சைஸ்ங்கிற வரி அலுவலகத்துல லைசென்ஸ். நீதிபதிகிட்ட போகவே வேண்டாம். பீர் மட்டும் விக்கலாம், சாராயம் கூடாது. 1869 வரைக்கும் இப்படித்தான். அந்த எக்சைஸ் பட்டியல் ரொம்ப அபூர்வமாத்தான் மிஞ்சியிருக்கு. ஆக ஈவன் வெச்சிருந்தது வெறும் பீர்ஹவுஸ்னா அந்த வருஷங்களுக்கு நீதிமன்றக் காகிதமே கிடைக்காது.
1872 சட்டத்துக்கு அப்புறம் ஒழுங்கான ரிஜிஸ்டர். லைசென்ஸ்காரர், சொந்தக்காரர், பப் பேர், தண்டனை ஏதாவது வாங்கியிருந்தா அதுவும்.

தம்பி, 2:12
சாராயமும் விக்கற முழு லைசென்ஸா பீர்ஹவுஸான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஸ்வான்ஸீ சித்தி, 2:19
டைரக்டரி, அதாவது அந்தக் கால வியாபாரிங்க பேர்ப் புத்தகம். 1844ல பிகோட் போட்டது, 1850ல ஸ்லேட்டர் போட்டது. லெஸ்டர் பல்கலைக்கழகத்தோட பழைய டைரக்டரித் தொகுப்பு இணையத்துல இலவசம். அதுல "டாவர்ன்ஸ் அண்ட் பப்ளிக் ஹவுசஸ்"னு ஒரு தலைப்பு, "ரீட்டெய்லர்ஸ் ஆஃப் பீர்"னு தனித் தலைப்பு. முதல் தலைப்புல இருந்தா முழு லைசென்ஸ். ஆனா அச்சாகறதுக்கு முன்னாடியே விவரம் சேகரிச்சிருப்பாங்க, ஒரு வருஷம் முன்னபின்ன இருக்கும். சின்னக் கிராமத்துக் கடையை விட்டே போயிருக்கவும் கூடும்.

அக்கா, 2:40
லனெல்லி ரெட் லயனுக்கு வர்றேன். வெல்ஷ் நியூஸ்பேப்பர்ஸ் ஆன்லைன்ங்கிற பழைய பத்திரிகைத் தளத்துல ரெட் லயன்னு போட்டா ஆயிரக்கணக்குல கொட்டுது.

ஸ்வான்ஸீ சித்தி, 2:52
ஊர்ப் பேரையும் சேர்த்துப் போடு, வருஷத்தை 1875லேர்ந்து 1890னு சுருக்கு. அந்தத் தளம் தேசிய நூலகத்தோடது, 1919 வரைக்கும் இருக்கு, காசு கிடையாது. வெல்ஷ் பத்திரிகையில ரெட் லயன் "லெவ் கோச்"னு வரும், ஷிப் "லோங்"னு வரும். வெல்ஷ் எழுத்துக்கூட்டுலயே ஒரு தடவை தேடு. வெல்ஷ்ல சொல்லோட முதல் எழுத்தே மாறும். டவர்ன்ங்கிற சொல் முன்னாடி "அ"ன்னு ஒரு சுட்டு வந்தா டேபிள்ல வர்ற எழுத்து போய் டாக்டர்ல வர்ற எழுத்து வந்துடும். ரெண்டு விதமாவும் போடணும்.
மூணு வகைச் செய்தி தேடு. ஒண்ணு, உள்ளூர் கோர்ட்ல லைசென்ஸ் மாத்தினது. "இன்னார்கிட்டேர்ந்து இன்னாருக்கு"ன்னு ஒரே வரிதான், ஆனா தேதியோட இருக்கும். ரெண்டு, மரண விசாரணை. ஊர்ல வேற பெரிய அறை இல்லாததால பப்லதான் நடக்கும். மூணு, ஞாயித்துக்கிழமை வழக்கு.

தம்பி, 2:54
ஞாயித்துக்கிழமை வழக்குன்னா?

லண்டன் மாமா, 3:03
1881ல வேல்ஸுக்குன்னே ஒரு சட்டம், ஞாயிறு பப்பு மூடணும். சேப்பல்காரங்க போராடி வாங்கினது. வெளியூர்ப் பயணிக்கு மட்டும் விதிவிலக்கு, முந்தின ராத்திரி குறைஞ்சது 3 மைல் தள்ளித் தங்கியிருக்கணும். அதனால கோர்ட்ல "நான் இன்ன ஊர்லேர்ந்து நடந்து வந்தேன்"னு ஆளாளுக்குச் சொல்வாங்க. குடிச்சவர் பேர், வீடு, பப்காரர் பேர், அபராதம் எல்லாம் பத்திரிகையில வந்துடும். மன்மத்ஷருக்கு மட்டும் இந்தச் சட்டம் 1921லதான் போச்சு, அந்தக் கவுண்டியில பழைய வருஷத்துக்குத் தேடி ஏமாறாதே.

அக்கா, 3:10
ரெட் லயன் இப்போ மேப்லயே இல்லை மாமா.

லண்டன் மாமா, 3:18
ஸ்காட்லாந்து தேசிய நூலகத் தளத்துல ஆர்ட்னன்ஸ் சர்வேங்கிற அரசாங்க அளவைத் துறையோட பழைய மேப் இருக்கு, வேல்ஸும் சேர்த்து. ஒரு மைலை 25 இஞ்சா வரைஞ்ச மேப்பை எடு. "பி.எச்."னா பப்ளிக் ஹவுஸ், "பி.எச்." இல்லாம வெறும் "இன்"னும் போட்டிருப்பான். இடம் தெரிஞ்சதும் க்யூவுக்குப் போகலாம். 1910லேர்ந்து 1915 வரைக்கும் நாடு பூரா சொத்து மதிப்பு எடுத்தாங்க, அந்தக் கள நோட்டு ஐஆர் 58. மேப்ல பிளாட் எண்ணைப் பார்த்து, அதை வெச்சு நோட்டைக் கேக்கணும். சொந்தக்காரர், குடியிருந்தவர், வாடகை, எத்தனை அறை, லாயம் உண்டான்னு இருக்கும்.
1904 சட்டப்படி "இந்தத் தெருவுக்கு இத்தனை பப் வேண்டாம்"னு மூடினவைக்கு நஷ்ட ஈடு கொடுத்தாங்க. ரெட் லயன் அப்படிப் போயிருந்தா விசாரணையில வருஷத்துக்கு எத்தனை பேரல் வித்ததுன்னுகூட கணக்கு வரும்.

அக்கா, மாலை 6:15
திரும்ப ஈவன். எப்போ இறந்தார்னு எப்படிப் பிடிக்கிறது? 1841க்கும் 1851க்கும் நடுவுல ஈவன் ஜோன்ஸ் மரணம் எக்கச்சக்கமா இருக்கு.

ஸ்வான்ஸீ சித்தி, 6:27
பின்னாலேர்ந்து வா. மார்கரெட் ஜோன்ஸ் டேவிட் ரீஸ் கல்யாணத்தைக் கண்டுபிடி. "விடோ" (விதவை)ன்னு இருக்கும், அவங்க அப்பா பேரும் இருக்கும், அதுவே உனக்கு இன்னொரு கிளை. அந்தத் தேதிக்கு முந்தின ஈவன்களை மட்டும் பாரு. பதிவு அலுவலக இண்டெக்ஸ்ல இறந்தவர் வயசு இருக்கு, 35லேர்ந்து 49க்குள்ள உள்ளவங்களை வடிகட்டு. சான்றிதழுக்குப் பதிலா டிஜிட்டல் நகல் கேளு, விலை குறைச்சல், அதே விவரம்தான். தொழில் கட்டத்துல இன்கீப்பர்னு இருந்தா முடிஞ்சது.
அப்புறம் உயில். 1858க்கு முந்தின வேல்ஸ் உயில் பெரும்பாலும் ஆபரிஸ்ட்வித் தேசிய நூலகத்துல, இணையத்துலயே படம் தெரியும். உயில் எழுதாம இறந்திருந்தாலும் சொத்தை நிர்வகிக்க விதவை கையெழுத்துப் போட்ட பத்திரம் இருக்கலாம்.

அக்கா, இரவு 9:05
வெல்ஷ் டித் மேப் (சர்ச்சுக்குக் கட்டற வரிக்காகப் போட்ட நில மேப்) தளத்துல லாண்டிபீயை எடுத்தேன். "பப்ளிக் ஹவுஸ் அண்ட் கார்டன்"னு ஒரு பிளாட். குடியிருப்பவர் ஈவன் ஜோன்ஸ்! அதே ஆள் பேர்ல இன்னும் நாலு வயல். சொந்தக்காரர் கட்டத்துல "லார்டு"ன்னு ஆரம்பிக்குது.

ஸ்வான்ஸீ சித்தி, 9:12
நாலு வயலா? அப்போ குதிரைக்குத் தீவனம், காய்ச்சறதுக்கு பார்லி, எல்லாம் சொந்தமா போட்டிருக்கணும். அஞ்சு பிளாட் எண்ணையும் வயல் பேரையும் எழுதி வை. சொந்தக்காரர் பெரிய எஸ்டேட்னா வருஷ வாடகைப் புத்தகம் வெச்சிருப்பாங்க. டைனவர், காடர் எஸ்டேட் காகிதமெல்லாம் கார்மார்தன்ஷர் ஆவணக் காப்பகத்துல இருக்கு. ஈவனுக்கு முன்னாடி அந்த வாடகையைக் கட்டினது யாருன்னு அதுல தெரியும், அவர் அப்பா பேர் ஜான் ஈவன்னு இருந்தாலும் இருக்கும்.

லண்டன் மாமா, 9:15
போறதுக்கு முன்னாடி கேட்லாக்ல ஆவண எண்ணைப் பார்த்து காப்பகத்துக்கு மெயில் போடு. எடுத்து வைக்க நாளாகும்.

அக்கா, 9:16
இப்பவே போடறேன் மாமா. 1820லேர்ந்து 1850 வரைக்கும் வாடகைப் புத்தகம்னு கேக்கறேன்.