காட்பாடியில் கிடைத்த போர்ப் பதக்கம்: உரியவரைக் கண்டுபிடிக்க உதவுங்கள்

குழுவில் எல்லோருக்கும் வணக்கம். காட்பாடி பேருந்து நிறுத்தத்தில் ஒரு சின்னத் துணிப்பை கிடைத்தது. உள்ளே பழைய வெள்ளிப் பதக்கம். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலை, மறுபக்கம் குதிரை வீரன், 1914, 1918 என்ற ஆண்டுகள். முதல் உலகப்போரில் பணியாற்றியவர்களுக்கு பிரிட்டிஷ் அரசு கொடுத்தது. நடுவில் ஆரஞ்சு நிறம் ஓடும் நாடா நைந்துபோய், யாரோ கருப்பு நூலால் தைத்து வைத்திருக்கிறார்கள். அந்தத் தையலைப் பார்த்தபிறகு இதைக் கையில் வைத்திருக்கவே மனம் வரவில்லை. நூறு வருஷமாக ஒரு வீட்டில் பத்திரமாக இருந்த பொருள்!

விளிம்பில் வீரரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு பொறித்திருக்கிறது. மெசபொடோமியா (இன்றைய ஈராக்) வரை போன மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படை. பெயரை இங்கே போடவில்லை, தவறானவர் கைக்குப் போய்விடக் கூடாது.

வேலூர் மணிக்கூண்டுக் கல்வெட்டில் அந்தப் போருக்குப் போன 277 பேரைப் பற்றி இருக்கிறதே, அவர்களில் ஒருவராக இருக்கலாம் என்பது என் ஊகம்தான். கம்மவான்பேட்டை, குடியாத்தம், ஆம்பூர் பக்கம் ராணுவக் குடும்பங்களைத் தெரிந்தவர்கள் தயவுசெய்து விசாரியுங்கள். முன்னாள் படைவீரர் சங்கத்தில் இருக்கும் அண்ணன்மார் யாராவது இருந்தால், பெங்களூரு சாப்பர்ஸ் மையத்தில் பழைய பதிவேட்டை எப்படிக் கேட்பது என்றும் சொல்லுங்கள்.

தொலைத்தவர் விளிம்பில் உள்ள பெயரையும், பையில் கூடவே இருந்த இன்னொரு பொருளையும் தனிச்செய்தியில் சொன்னால் போதும். எந்த ஊராக இருந்தாலும் நானே நேரில் கொண்டுவந்து தருகிறேன்.