மகளுக்கு ஜீவனாம்சம் கேட்கணும், விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

வணக்கம். நானும் கணவரும் பிரிஞ்சு 14 மாசம் ஆகுது. விவாகரத்து வழக்கு எதுவும் இல்லை. 7 வயசு மகளோட மதுரையில் அம்மா வீட்டில் இருக்கேன். ஸ்கூல் பீஸ், வேன், இழுப்புக்கு மருந்து எல்லாமே என் தையல் வருமானத்தில்தான். அவர் தீபாவளிக்கு ஒரு தடவை 3,000 ரூபாய் அனுப்பினதோட சரி.

விவாகரத்து இல்லாமலே, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோட 125-வது பிரிவுக்குப் பதிலா புதுச் சட்டத்தில் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) வந்த 144-வது பிரிவில் பிள்ளைக்காக ஜீவனாம்ச மனு போடலாம்னு தெரிஞ்சுக்கிட்டேன். 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி ரெண்டு பேருமே வருமானம், சொத்து, கடனைப் பிரமாணப் பத்திரத்தில் காட்டணும். மனு போட்ட தேதியிலிருந்தே பணம் கணக்காகும். அதனாலதான் இனிமேலும் தள்ளிப்போட மனசு வரலை.

என் பயம் ஒண்ணுதான். அவருக்குச் சம்பளத்தில் பாதி கையில் ரொக்கமாத்தான் வருது. வங்கிக் கணக்கில் கம்மியாத்தான் தெரியும். உண்மையான வருமானத்தை நீதிபதிக்கு எப்படிக் காட்டினீங்க? வண்டித் தவணை, வாடகை ரசீதெல்லாம் எடுபடுமா? வழக்கு முடியும்வரை இடைக்கால ஜீவனாம்சம் உங்களுக்கு எத்தனை மாசத்தில் கிடைச்சது? மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமா வக்கீல் கிடைச்சவங்க இருந்தா, முதல் நாள் என்னென்ன பேப்பர் எடுத்துட்டுப் போனீங்கன்னு சொல்லுங்க. திங்கட்கிழமை அங்கே போறேன்.