சம்பளத்தில் 36 சதவீதம் வீட்டுத் தவணைக்கே போனால் தாக்குப்பிடிக்க முடியுமா?

கேள்வி (நடுஅறை):

நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். இருப்பது ஒரே படுக்கையறை உள்ள சொந்த வீடு, அதன் மேல் கொஞ்சம் கடன் பாக்கி. வாரத்தில் பாதி நாள் இருவருக்கும் வீட்டிலிருந்தே வேலை என்பதால் ஒருவர் மீட்டிங்கில் பேச ஆரம்பித்தால் மற்றவர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடவேண்டும். அடுத்த வருடம் குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணமும் இருப்பதால், இதை விற்றுவிட்டு மூன்று படுக்கையறை வீடு பார்க்கிறோம்.

தொகை வேண்டாம், விகிதமாகச் சொல்கிறேன். இருவரும் சேர்ந்து கைக்கு வாங்குவது 100 என்றால் என்னுடையது 58, மனைவியுடையது 42. இப்போது வீட்டுத் தவணை 17, கார் கடன் 6, குடும்பச் செலவு 55, மிச்சம் 22. புதுக் கடன் 20 வருடம், 9 சதவீத மாறும் வட்டி. தவணை 36 ஆகிவிடும். மாதம் 3 தான் மிஞ்சும், ஆனால் சம்பளம் ஏறும் இல்லையா? முன்பணத்துக்கு, பழைய வீட்டை விற்று வருவதோடு சேமிப்பு முழுவதையும் போடவேண்டும். இவ்வளவு கடன் தாராளமாகத் தருவதாக வங்கி சொல்லிவிட்டது. சரிப்படாவிட்டால் 5 வருடத்தில் விற்றுக்கொள்ளலாம் என்பது என் நினைப்பு. மனைவிக்குத்தான் தயக்கம்.

கணக்குப்பிள்ளை:

தயங்குபவர் பக்கம்தான் கணக்கு இருக்கிறது, மன்னிக்கவும். தவணை ஒழுங்காக வருமா என்பதுதான் வங்கியின் கவலை, அதைக் கட்டிய பிறகு நீங்கள் எப்படிக் குடும்பம் நடத்துவீர்கள் என்பது அவர்கள் பாடு இல்லை.

முதலில் வட்டி. 9 என்பது 10 ஆனால் உங்கள் தவணை 36இலிருந்து ஏறக்குறைய 38.6 ஆகும், அந்த 3 போயே போயிற்று. தவணையை ஏற்றாமல் காலத்தை நீட்டிக்கொள்கிறேன் என்றால் 20 வருடக் கடன் 26 வருடத்துக்கு இழுக்கும். ஒரே ஒரு சதவீதத்துக்கு 6 வருடம்!

அடுத்து, 5 வருடத்தில் விற்பது. தொடக்க வருடங்களில் தவணையில் பெரும்பங்கு வட்டிதான்; முதல் மாதம் கட்டும் 36இல் 30 வட்டிக்கே போகும். 5 வருடம் விடாமல் கட்டினாலும் அசலில் சுமார் 11 சதவீதம்தான் குறைந்திருக்கும், பாதி அசல் தீர ஏறக்குறைய 14 வருடம் ஆகும். வாங்கும் செலவு, விற்கும் செலவு இரண்டையும் கழித்துப் பாருங்கள்.

ஆனால் எனக்கு உறுத்துவது குழந்தைதான். மனைவி சில மாதம் சம்பளமில்லாமல் வீட்டில் இருக்க நேர்ந்தால், உங்கள் 58இல் தவணைகள் இரண்டும் சேர்ந்து 42. மீதி 16இல் 55 செலவு. சேமிப்பையும் முன்பணத்துக்குக் கொடுத்துவிட்டு அந்த மாதங்களை எதை வைத்து ஓட்டுவீர்கள்?

பழைய சாவி:

நாங்கள் இதைச் செய்து மாட்டிக்கொண்டவர்கள். பழைய வீடு உடனே விற்றுவிடும் என்று நம்பி முதலில் புதியதை வாங்கினோம், ஏழு மாதம் இரண்டு வீட்டுக்கும் தவணை கட்டினோம். அப்புறம் நாங்கள் எழுதிவைக்காத செலவுகள்: கூடுதல் அறைக்கு விளக்கு, விசிறி, திரைச்சீலை, அலமாரி. பராமரிப்புக் கட்டணம், மின்கட்டணம், வீட்டு வரி எல்லாமே வீட்டின் அளவோடு சேர்ந்து வளரும். மூன்றாவது அறையில் இன்றும் பிரிக்காத அட்டைப்பெட்டிகள்தான் குடியிருக்கின்றன.

மாடிப்படி:

எல்லோரும் பயமுறுத்துகிறீர்கள், பாவம். சமையலறையில் உட்கார்ந்து வேலை பார்க்கும் எரிச்சலுக்கும் ஒரு விலை உண்டு. ஒத்திகை பார்த்துவிடுங்கள். புதுத் தவணைக்கும் பழையதற்கும் உள்ள வித்தியாசம் 19, பெரிய வீட்டின் கூடுதல் செலவுக்கு 3, ஆக 22ஐ சம்பளம் வந்த அன்றே தனிக் கணக்கில் போட்டுவிட்டு ஆறு மாதம் தொடாதீர்கள். முடிந்தால் முன்பணம் கொஞ்சம் கூடியிருக்கும், முடியாவிட்டால் கையெழுத்துப் போடும் முன்பே தெரிந்துவிடும். மூன்று அறைதான் வேண்டுமா என்றும் யோசியுங்கள், நீங்கள் சொன்ன காரணங்களுக்கு இரண்டு போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நடுஅறை:

நன்றி. நேற்று இரவு இருவரும் உட்கார்ந்து ஒற்றைச் சம்பளக் கணக்கைப் போட்டோம். எதை வெட்டினாலும் செலவு 40க்குக் கீழே வரவில்லை, அதற்குமேல் பேச்சே இல்லை. மூன்று அறை வீட்டுக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கார் கடன் இன்னும் 14 மாதத்தில் முடிகிறது. அதுவரை 22ஐ ஒதுக்கி வைப்பது, பிறகு இரண்டு அறை வீடு, அதுவும் ஆறு மாதச் செலவுக்கான பணத்தில் கை வைக்காமல் முடிந்தால் மட்டும். இதில் கடைசி நிபந்தனை மனைவி போட்டது.