துவைத்ததும் முறுக்கிக்கொள்ளும் டீ-ஷர்ட்: வழி சொல்லுங்கள்

ஃபேஷன் டிசைன் இறுதியாண்டு படிக்கிறேன். இந்தப் பருவத்தில் ஓர் ஆடை நிறுவனத்துக்காக நிஜமான ப்ராஜெக்ட். அவர்கள் தந்தது 160 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 160 கிராம்) பருத்தி சிங்கிள் ஜெர்சி, அதாவது டீ-ஷர்ட்டுக்கான மெல்லிய பின்னல் துணி; ஒற்றைப்புரி நூலில் (ஒரே புரியாக முறுக்கிய நூல்) பின்னியது. தைத்தபோது நேராக நின்ற பக்கத் தையல், மூன்று முறை துவைத்ததும் அடிமடிப்பில் 4 செ.மீ. முன்பக்கம் திரும்பிவிட்டது. பார்க்கவே மனசு கேட்கவில்லை.

துணியை 24 மணி நேரம் விரித்துப் போட்டு, அப்புறம்தான் வெட்டினேன். பேட்டர்னை (வெட்டும் அளவு வடிவத்தை) துணியின் நீளவாக்கில் ஓடும் கண்ணி வரிசையோடு பொருத்தியும் வெட்டிப் பார்த்தாயிற்று. ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் நூலின் டென்ஷனைத் (இழுப்பை) தளர்த்தியதில் தையல் சுருக்கம் போனது, திருகல் போகவில்லை. நூலின் முறுக்கமே காரணம் என்பது என் கணிப்பு. ஆசிரியர் பேட்டர்னைத் திருத்தச் சொல்கிறார். சாம்பிள் காட்ட 12 நாள்தான் இருக்கிறது.

இதே துணியில் பேட்டர்னை மாற்றிச் சரிசெய்ய முடியுமா, இல்லை இரட்டைப்புரி நூல் (இரண்டு புரிகளைச் சேர்த்து முறுக்கியது) துணி கேட்பதுதான் வழியா?